சந்துக்கடையார் வீடு

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
திங்கள் இரவு

அன்புள்ள துர்க்கா அக்காவுக்கு,

நிலக்சி எழுதுகிறேன். எட்மன்டனில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அப்படித்தான் பழக்கினார்கள். அந்த வரியை எழுதாமல் விடுகிறேன்.

மேல்மாடிக் குளியலறைக்குள் இருந்து எழுதுகிறேன். இப்போது எனக்குப் பூட்டிக்கொள்ளக்கூடிய கதவு இது ஒன்றுதான். பேனாச் சத்தம் வெளியே கேட்காது என்று தெரியும். என்றாலும் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டிருக்கிறேன்.

உங்கள் புது நம்பர் எங்களிடம் இல்லை. அப்பா திட்டித் திட்டி அனுப்பிய மெசேஜ்களுக்குப் பிறகு நீங்கள் நம்பரை மாற்றியது சரிதான். புதுவருடத்துக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையின் உறையை அம்மா அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தார். அரிசி அள்ளப் போனபோது உங்கள் விலாசம் என் கையில் தட்டுப்பட்டது. இந்தக் கடிதத்தை அன்ரனெற் அன்ரியிடம் கொடுப்பேன். பார்மசிக்குள் இருக்கிற தபால் கவுன்ரரில் அவதான் இப்போது நிற்கிறா. என்ன ஏது என்று கேட்கமாட்டா.

என் போன் மாக்கஸிடம் இருக்கிறது. யார் மாக்கஸ் என்று கேட்பீர்கள். நீங்கள் போன பிறகு வந்தவன். தொழிற்சாலையில் விழுந்து முதுகு உடைந்தபோது அப்பாவுக்கு வலிக்குக் கொடுத்த குளிசைகள் உங்களுக்குத் தெரியும். அவற்றை டொக்ரர் நிறுத்தியதும் அப்பா வேறு இடத்தில் தேடினார். தேடிய இடத்தில் மாக்கஸ் இருந்தான். பேஸ்மென்ற்றை வாடகைக்கு எடுப்பதாகத்தான் வந்தான். எங்கள் ஆள்தான், இங்கே பிறந்தவன், என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது கூடியவன். அண்ணா என்று கூப்பிடச் சொன்னான், கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அவனை அப்படி எழுத வரவில்லை.

காலையில் பள்ளிக்கூடம் போகும்போது என் பையைத் திறந்து பார்ப்பான். பின்னேரமும் பார்ப்பான். ஆனால் அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அவனை யாரும் சனிக்கிழமை விடிய எழுப்பி, காருக்குள் ஏற்றி, அ ஆ எழுத வைக்கவில்லை. நான் அழுது அழுது போன வகுப்பு அது. இந்தத் தாள்களைத் தமிழ்ப் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். கேட்டால் கட்டுரை என்பேன்.

கீழே நடப்பதைச் சொல்கிறேன். வேலை முடிந்து ஆட்கள் வருகிறார்கள். கூரை வேலை செய்பவர்கள், ட்ரக் ஓடுபவர்கள், பிக்கரிங்கில் இருந்து ரயிலில் வேலைக்குப் போய்வருகிற, கழுத்தில் ஒபிஸ் அட்டை தொங்குகிற ஒருவர். எல்லாரும் பின்கதவால் இறங்கிப் போய் மெத்தைகளில் கிடந்து மாக்கஸ் விற்கிற போதைத் தூளைப் புகைக்கிறார்கள். எரிந்த பிளாஸ்ரிக்கும் கருகின சீனியும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் ஹீற்றர் துவாரங்களால் ஏறி என் அறைக்கு வரும். பள்ளிக்கூடச் சட்டையை நான் இப்போது பிளாஸ்ரிக் பையில் கட்டி வைக்கிறேன்.

அப்பா முதலில் எங்களுக்கு நியாயம் சொன்னார். நகரத்துக்குள்ள நேர்ஸ்மார் பாத்திருக்க உதுகளை எடுக்கிற இடங்களை அரசாங்கம் மூடிப்போட்டுது, உவங்கள் ரோட்டில கிடந்து சாகிறதிலும் பாக்க இஞ்சை கிடந்தால் நாங்கள் பாப்பம்தானே என்றார். அம்மா, ஆர் பாக்கிறது, நீங்களே ஒரு மூலையில கிடக்கிறியள் என்று கேட்டார். அதற்குப் பிறகு அம்மா அப்படிக் கேட்பதில்லை. கேட்ட அன்று மாக்கஸ் அம்மாவை ஒன்றும் செய்யவில்லை. அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, சுடச்சுட அப்பாவின் மடியில் ஊற்றினான். அன்ரி, அண்ணையோட இனி நீங்கள் யோசிச்சுக் கதையுங்கோ என்று மரியாதையாகச் சொன்னான். அப்பாவை அவன் அண்ணை என்றுதான் கூப்பிடுவான்.

இனி ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டும். சிரிக்காதீர்கள். எல்லாம் அந்தச் சொல்லோடுதான் வந்தது போல எனக்கு இருக்கிறது.

ஹோலில் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கிய பூட்டனின் லைசென்ஸ் நினைவிருக்கிறதா? மலாயாவில், தைப்பிங்கில் கடை வைத்திருந்ததற்கு வெள்ளைக்காரன் கொடுத்தது. ஊரில் எங்களைச் சந்துக்கடையார் என்றுதான் சொல்லுவினம் என்று அப்பா வந்தவர் போனவருக்கெல்லாம் பெருமையாகச் சொல்வார். ஒரு சந்துக்குள் பலசரக்குக் கடையாம். ரயில்வேயில் வேலை செய்த யாழ்ப்பாணத்து ஆட்கள் சுருட்டும் பனங்கட்டியும் வாங்க வருவார்களாம். நீங்கள் சின்னனாக இருக்கும்போது ஒருதரம் கேட்டீர்கள், நாங்கள் ஒழுங்கை எண்டுதானே சொல்லுறனாங்கள், ஆர் சந்து எண்டு சொன்னது என்று. அது மலாயாத் தமிழ், உனக்கு விளங்காது என்று அப்பா உங்கள் தலையில் குட்டினார். வெள்ளிக்கிழமைகளில் அந்த லைசென்ஸின் கண்ணாடிக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம்.

இந்தத் தவணை வரலாற்று வகுப்பில் பேரரசுகள் எதை விற்று வாழ்ந்தன என்று ஆய்வு செய்யச் சொன்னார்கள். ஆளுக்கொரு பொருள். எனக்கு அபின் விழுந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அபின் புகைக்கும் கடைகளுக்கு அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்தது, பிறகு அபினைத் தானே காய்ச்சித் தானே விற்றது என்று நூலகத்தில் வாசித்துக்கொண்டு போனேன். புகைப்பதற்கென்று காய்ச்சிய அபினுக்கு மலாய்க்காரர் சொல்லும் பெயரும் அந்தப் பக்கத்தில் இருந்தது. சந்து.

முதலில் ஒழுங்கையைத்தான் நினைத்தேன். பிறகு உங்கள் கேள்வி நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து கதிரையில் ஏறி நின்று லைசென்ஸை முழுதாக வாசித்தேன். நாங்கள் ஒருவரும் அதை அதுவரை வாசித்ததே இல்லை அக்கா. பூட்டனின் பெயரைத் தேடிப் பார்ப்போம், அவ்வளவுதான். அந்தச் சொல் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் விதிகள். பெண்களையும் வயது வராதவர்களையும் உள்ளே விடக்கூடாது. ஆட்கள் உள்ளே இருக்கும்போது கதவுக்குத் தாழோ குறுக்குச் சட்டமோ போடக்கூடாது. உள்ளே நடக்கிற எல்லாவற்றுக்கும் இந்தத் தாளில் பெயர் உள்ளவரே பதில் சொல்ல வேண்டும். இந்தத் தாளை எல்லாரும் பார்க்கிற இடத்தில் தொங்கவிட வேண்டும். பூட்டன் அதைக் கண்ணாடி போட்டு வைத்தது பெருமைக்காக அல்ல, விதிக்காக.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா வெட்கப்படுவார், கீழே நடப்பதை நிறுத்துவார் என்று நினைத்தேன். மாக்கஸ் கொத்துரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவன் சிரித்ததில் அது புரைக்கேறி, அம்மா தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணை, உங்களுக்கு இது பரம்பரை பிஸ்னஸ், நான்தான் புது ஆள் என்றான். எழும்பிப் போய்ப் படத்தைக் கழற்றினான். சந்தனத்தைப் பெருவிரலால் சுரண்டித் துடைத்தான். கீழே கொண்டுபோய் படி இறங்குமிடத்தில் ஆணி அடித்து மாட்டினான். இப்ப நாங்கள் லீகல் என்று கீழே இருந்து கத்தினான். அப்பா கோப்பையைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் அதற்கு சல்யூட் அடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

சூசைதாசன் அங்கிள் மட்டும் அடிப்பதில்லை. கூரை வேலை செய்கிறவர். முட்டை ரோல்ஸ் ஒரு பெட்டி வாங்கி வந்து சமையலறை வாசலில் வைத்துவிட்டு, பிள்ளை படிக்கேக்க சாப்பிடட்டும் என்று அம்மாவுக்குச் சொல்வார். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது கீழே சண்டை. யாரோ மாக்கஸை ஏமாற்றிவிட்டார்களாம். யாரென்று சொல்லுமட்டும் ஒருத்தரும் வெளியில வரேலாது என்று பின்கதவையும் படிக்கதவையும் வெளிப்பக்கம் தாழ் போட்டுவிட்டு ஹோலில் வந்து இருந்தான். ரீவியில் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து கதவில் இடிக்கத் தொடங்கினார்கள். ஒராள் மூச்சு விடேல்ல, துறவுங்கோ, துறவுங்கோ என்று கேட்டது. மாக்கஸ் எழும்பவில்லை. அம்மாவைப் பார்த்தான். அம்மா சமையலறைக்குப் போய் மிக்சியைப் போட்டார். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்தானே. அப்போதுதான் நான் பார்த்தேன், ஜாருக்குள் ஒன்றும் இல்லை. வெறும் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் மூடியை அமத்திக்கொண்டு அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிலநாள் பின்னேரங்களில் சம்பல் அரைக்கிறா என்று நான் நினைத்ததெல்லாம் அப்போதுதான் விளங்கியது.

நான் போய்த் தாழை இழுத்தேன். மாக்கஸ் என் தலைமயிரைப் பிடித்தான், ஆனால் கதவு திறந்துவிட்டது. சூசைதாசன் அங்கிள் கடைசிப் படியில், லைசென்ஸுக்குக் கீழே கிடந்தார். உதடும் நகமும் சாம்பல் நிறம். பள்ளிக்கூடத்தில் நலொக்சோன் அடிக்கப் பழக்கியிருக்கிறார்கள், போதை கூடி மூச்சு நின்றவரை எழுப்ப மூக்குக்குள் விசிறுகிற மருந்து, பார்மசியில் சும்மா தருவார்கள். என் பையில் இரண்டு விசிறல் உள்ள ஒரு பெட்டி இருந்தது. அடித்தேன். முதல் தரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் தரம் அவர் ஒரு இழுவை இழுத்து எழும்பினார். எழும்பினவர் யாரென்று தெரியாமல் என் முகத்தில் குத்தினார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த மருந்து அப்படித்தான் எழுப்பும் என்று வகுப்பில் சொன்னார்கள். உதடு கிழிந்தது. ரீச்சரிடம் ஐஸில் வழுக்கியது என்றேன்.

மாக்கஸ் வேலைச் சப்பாத்தோடு அவரை உதைத்தான். வயிற்றில், நெஞ்சில், கையால் மறைத்தபோது கையில். ஆரின்ர வீட்டில வந்து ஆருக்கு அடிக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு உதைத்தான். எனக்காக அடிக்கிறானாம். விலா எலும்பு முறியும்போது சத்தம் வரும் அக்கா, காய்ந்த விறகு மாதிரி இல்லை, ஈரமான ஒன்றை மிதித்த மாதிரி. மேலே மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா மெத்தையில் இருந்து எழும்பி வந்து, சரி விடடா, சரி விடடா என்றார், எங்கேயோ தூரத்தில் நிற்கிறவருக்குச் சொல்வது போல.

அவரைத் தூக்கிக்கொண்டு போய் லோறன்ஸ் வீதி பஸ் தரிப்பில் இருத்திவிட்டு வந்தார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ரோல்ஸ் பெட்டி இன்னும் பிரிட்ஜுக்குள் இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாக்கஸ் என்னைக் கூப்பிட்டு இருத்தினான். நல்ல சந்தோசமாக இருந்தான். இவள் டொக்ரரிலும் திறம் என்று அப்பாவிடம் சொன்னான். வெள்ளிக்கிழமை தொடக்கம் பின்னேரங்களில் நான் கீழே ஒரு கதிரையில் இருந்து, கிடக்கிறவர்கள் மூச்சு விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கலாமாம். சிம்பிள் ஜொப், ஏசியும் இருக்கு என்றான். எனக்கு ஏசி எதற்கு, பெப்ரவரியில். அம்மா, அவள் சின்னப் பிள்ளை தம்பி என்றார். அதுதான் அன்ரி, ஆக்கள் சின்னப் பிள்ளைக்கு மரியாதை குடுப்பினம் என்றான். தாழ் திரும்பவும் வெளிப்பக்கம்தான் இருக்கும் என்றான், என் பாதுகாப்புக்காம்.

ஏன் பொலிசுக்குச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வீடு அப்பாவின் பெயரில். கரண்ட், தண்ணி எல்லாம் அப்பாவின் பெயரில். மாக்கஸின் பெயர் இந்த வீட்டில் எந்தத் தாளிலும் இல்லை. அப்பா இன்னும் சிற்றிசன் எடுக்கவில்லை, உங்களுக்குத் தெரியும், சோதனைக்குப் போக முதுகு விடவில்லை. பிடித்தால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்று மாக்கஸ் ஒவ்வொரு நாளும் சொல்கிறான். அவன் சொல்வதால் பொய்யாக இருக்கலாம். பொய் இல்லாமலும் இருக்கலாம். பூட்டனின் தாளிலும் இதுதான் எழுதியிருக்கிறது. விற்றவன் பதில் சொல்லத் தேவையில்லை, பெயர் போட்டவன்தான் சொல்ல வேண்டும்.

இன்று பின்னேரம் மாக்கஸ் வெளியே போன நேரம் அப்பா பக்கத்தில் போய் இருந்து, அந்த விதிகளைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அபினைக் காய்ச்சி விற்று அதில் ரோட்டும் ரயிலும் போட்டவர்கள், அவர்கள்கூட, பிள்ளைகளை உள்ளே விடாதே, கதவைத் தாழ் போடாதே என்று எழுதி வைத்தார்கள் அப்பா என்றேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை.

யாரோ படியில் ஏறுகிறார்கள். நிறுத்துகிறேன்.

புதன் இரவு

அக்கா, அப்பா கேட்டிருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா படிக்கதவுக்கு முன்னால் முழங்காலில் நின்றார். கையில் திருகாணிச்சாவி. தாழைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்கதவுத் தாழ் ஏற்கெனவே நிலத்தில் கிடந்தது. ஒவ்வொரு ஆணிக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார். என்னைப் பார்த்து, லைசென்ஸ் எடுத்த வீட்டில தாழ் இருக்கப்படாது பிள்ளை என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. அந்த அப்பாவை நான் கனகாலமாகக் காணவில்லை. நீங்களும் கண்டிருக்க வேண்டும்.

மாக்கஸ் வந்தான். கோபிக்கவில்லை. என்ன அண்ணை, வீடு திருத்திறியளோ என்று கேட்டான். அப்பா, என்ர பிள்ளை கீழை வரமாட்டாள் என்றார். மாக்கஸ் சரி அண்ணை, சரி என்று அவர் தோளைத் தட்டினான். அப்பாவின் வலது கையைப் பிடித்துக் கதவு நிலையோடு வைத்தான். கை குலுக்குவது மாதிரித்தான் இருந்தது. பிறகு கதவை அடித்தான்.

ஒருதரம் இல்லை.

எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. கதவு மூட மறுத்தது. அப்பா போட்ட சத்தம் மனிதச் சத்தம் மாதிரி இல்லை. நான் மாக்கஸின் முதுகில் அடித்தேன், அவன் திரும்பாமலே முழங்கையால் என்னைத் தள்ளினான், நான் சப்பாத்து அடுக்குகிற ராக்கையோடு விழுந்தேன். விழுந்த இடத்தில் இருந்து சமையலறை தெரிந்தது. அம்மா மிக்சிக்குப் பக்கத்தில் நின்றார். கை சுவிச்சில் இருந்தது. மாக்கஸ் அங்கே இருந்தே, அன்ரி என்று கூப்பிட்டான். அவ்வளவுதான் சொல்வான், அம்மாவுக்கு விளங்கும்.

அம்மா போடவில்லை.

கையை எடுத்தார். எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். பனிக்காலம் தொடங்கியதில் இருந்து திறக்காத ஜன்னல். இறுகியிருந்ததை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார். குளிர் உள்ளே வந்தது. அப்பாவின் சத்தம் வெளியே போனது.

பக்கத்து வீட்டு பிலிப்பினோப் பெண் வந்து கதவைத் தட்டினார். மாக்கஸ் சிரித்துக்கொண்டு திறந்து, அங்கிள் கதவுக்குள் விரலை வைத்துவிட்டார், ஹொஸ்பிற்றலுக்குக் கூட்டிப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னான். அந்தப் பெண் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஓம் என்று சொல்லவில்லை. தலையும் ஆட்டவில்லை. அந்தப் பெண் திரும்பிப் போனார். ஹொஸ்பிற்றலுக்கு யாரும் போகவில்லை.

மாக்கஸ் அம்மாவைக் கன்னத்தில் அறைந்தான். ஜன்னலை மூடிவிட்டு, புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு வாறன் என்று போனான். போக முதல் அப்பாவுக்கு வலிக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தான்.

இனி எழுதுவதை எழுத எனக்கு விருப்பமில்லை. அப்பா அதைப் புகைத்துவிட்டு, வீங்கின கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் மிகவும் மெதுவாக, அன்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் ஒருக்காப் போய் இரன் பிள்ளை, அவன்ர மனம் ஆறட்டும் என்றார். நான் ஓம் என்றேன். அப்பா, சரியான பிள்ளை என்று மற்றக் கையால் என் தலையைத் தடவினார். அக்கா, அவரை வெறுக்காதீர்கள். தாழைக் கழற்றினவரும் அவர்தான். இரண்டும் ஒரே பின்னேரத்தில் நடந்தது.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கன்னத்தில் விரல் அடையாளம் இருந்தது. நிலத்தில் சிந்தியிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் பென்சில் பெட்டிக்குள் போட்டார். நாளைக்கு உன்ர வகுப்பில என்னவோ பேச வேணும் எண்டனியே, அந்தப் படத்தையும் கொண்டு போவன் என்றார். அம்மா அப்படிச் சொன்னதை எத்தனை விதமாக விளங்கலாம் என்று இந்தக் குளியலறைக்குள் இருந்து யோசித்துப் பார்த்தேன். ஒரு விதம்தான் இருக்கிறது.

மாக்கஸ் திரும்பி வருவதற்கு முன் கீழே போய்க் கழற்றி எடுத்துவிட்டேன். இப்போது அது என் பையில், ஜிம் உடுப்புக்குள் சுற்றி இருக்கிறது. சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. காலையில் அவன் பையைத் திறந்தால், ரீச்சர் கொண்டுவரச் சொன்னா, வரலாற்றுப் பாடம் என்பேன். பொய் இல்லை. அவன் அதைப் பகிடியாகத்தான் எடுப்பான் என்று நினைக்கிறேன். பகிடிக்கு அவன் எப்போதும் வழி விடுவான்.

எங்கள் ரீச்சர் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்கிறா. நீ எடுத்துக்கொண்ட சட்டம் யாரைக் காப்பாற்றியது? அரசாங்கத்தின் வருமானத்தை என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு நல்ல புள்ளி கிடைக்கும். ஆனால் பேசி முடித்த பிறகு, மற்றப் பிள்ளைகள் போன பிறகு, நான் வகுப்பில் நிற்பேன். அந்தத் தாளில் பெண்களும் பிள்ளைகளும் என்று இருக்கிற வரியில் விரலை வைத்து, இந்த விதி எங்கள் வீட்டில் இல்லை மிஸ் என்று சொல்வேன். அதைத்தான் இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயசைத்துப் பழகினேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. அது நல்லதுதான். என் குரலில் என்றால் அப்பாவின் பெயர் வரும்போது பேச்சை நிறுத்திவிடுவேன்.

பயமாக இருக்கிறது அக்கா. சொல்லாமல் திரும்பி வந்துவிடுவேனோ என்று பயம். சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று அதைவிடப் பயம்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும். நான் சொன்னேனா இல்லையா என்று இப்போது எனக்குத் தெரியாததை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். வாசித்த உடனே அம்மாவுக்குப் போன் எடுங்கள். அம்மாவின் நம்பர் பழைய நம்பர்தான். அப்பா வாசலில் நின்று, இந்தக் கதவு உனக்கு இனித் துறக்காது என்று கத்தியதை அன்றைக்கு மட்டும் மறந்துவிடுங்கள்.

அம்மா எல்லாரும் சுகம் என்பார். நிலக்சி படிக்கிறாள் என்பார். அதைக் கேட்காதீர்கள். அம்மாவுக்குப் பின்னால் கேளுங்கள். மிக்சி ஓடினால், என்ன அரைக்கிறியள் என்று கேட்க வேண்டாம், போனை வைத்துவிட்டு ரொறன்ரோ பொலிசுக்கு எடுங்கள். அங்கிருந்து 911 அடித்தால் எட்மன்டன்காரர்தான் எடுப்பார்கள், இந்த நகரத்து நம்பரைத் தேடி எடுங்கள். விலாசம் உங்களுக்குத் தெரியும். அப்பாவின் பெயரைக் கேட்பார்கள். சொல்லுங்கள். தில்லையம்பலம் என்று முழுப் பெயரும் சொல்லுங்கள். பேஸ்மென்ற்றில் ஒரு பிள்ளை இருக்கிறாள், வெளிப்பக்கம் பூட்டு என்று சொல்லுங்கள்.

ஒரு சத்தமும் இல்லை என்றால், திறந்த ஜன்னலால் வருகிற குளிர்க்காற்று மட்டும் கேட்டால், என்னைப் போனுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நீங்கள் எங்கே இருந்தாலும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். நன்றாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
நிலக்சி